அலிகரின் முதல் வேந்தர்: போபால் சுல்தான் ஜஹான் பேகம்

அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேள்விப்படாத முஸ்லிம் குடும்பம் நம்மிடையே அநேகமாக இருக்காது. அதற்கு வித்திட்ட சர் சையது அஹ்மத் கானைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருப்போம். ஆனால் 1920இல் அந்தக் கல்லூரி பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது முதல் வேந்தராக அமர்ந்தவர் யார் என்று கேட்டால், அங்கே படித்துத் திரும்பிய நம் பிள்ளைகளில்கூடச் சிலர் யோசிப்பார்கள். அவர் ஒரு பெண். பர்தா பேணிய, ஹஜ் கடமையை நிறைவேற்றிய, பேரன் பேத்தி எடுத்த 62 வயதுப் பெண்மணி. போபால் சமஸ்தானத்தின் ஆட்சியாளர் நவாப் சுல்தான் ஜஹான் பேகம்.

நம் ஊர்களில் மஹல்லா ஜமாஅத் நிர்வாகத்திலும், சமுதாயம் நடத்தும் பள்ளிக்கூடங்களின் நிர்வாகக் குழுவிலும், அறக்கட்டளைகளிலும் பெண்களுக்கு இடம் தரலாமா என்ற பேச்சு அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் இதை ஏதோ நேற்று முளைத்த பேச்சாகவே நினைக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தியத் துணைக்கண்டத்து முஸ்லிம்களின் மிகப் பெரிய கல்வி நிறுவனத்தின் தலைமை இருக்கையில் ஒரு பெண் பத்தாண்டு காலம் இருந்திருக்கிறார். அந்த இருக்கைக்கு அவர் எப்படி வந்தார், அங்கே இருந்து என்ன செய்தார் என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

நான்கு பேகம்கள்

போபாலில் பெண்கள் ஆண்ட வரலாறு 1819இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு நவாப் நஸர் முஹம்மத் கான் துப்பாக்கி வெடித்து இறந்தார். அவருக்கு ஒரே ஒரு பெண் குழந்தை. இளம் விதவையான குத்ஸியா பேகம், அந்தக் குழந்தையே வாரிசு, அவள் வளரும் வரை ஆட்சியை நானே நடத்துவேன் என்று அறிவித்தார். குடும்பத்து ஆண்கள் விரும்பவில்லை. ஆயினும் ஊர்ப் பெரியவர்களைத் தம் பக்கம் திரட்டி, 1837 வரை ஆண்டார்.

அந்தக் குழந்தைதான் சிக்கந்தர் பேகம். குதிரை ஏறுவதிலும் கணக்கு வழக்கிலும் கெட்டிக்காரர். முதலில் தம் மகளுக்காக ஆட்சியை நடத்தினார். பிறகு 1860இல் அவரையே ஆட்சியாளராக ஆங்கில அரசு ஏற்றுக்கொண்டது. 1868இல் அவர் மறைந்ததும் மகள் ஷாஜஹான் பேகம் வந்தார். இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் 1889இல் எழுந்த பள்ளிவாசலுக்கு ஷாஜஹான் மஸ்ஜித் என்று பெயர். பலர் நினைப்பதுபோல அது தாஜ்மஹால் கட்டிய முகலாயப் பேரரசரின் பெயரல்ல, நிதி கொடுத்த இந்தப் பேகத்தின் பெயர்.

இவருடைய மகள்தான் சுல்தான் ஜஹான். 1858 ஜூலை 9ஆம் தேதி பிறந்தார். பாட்டி சிக்கந்தர் பேகமே பேத்தியை எடுத்து வளர்த்தார். குர்ஆன், பாரசீகம், ஆங்கிலம், எழுத்துக்கலை, குதிரையேற்றம் என்று ஆட்சிக்கு வேண்டிய எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார். பாட்டி வஃபாத்தானபோது சுல்தான் ஜஹானுக்கு வயது பத்து. தாய் ஆட்சிக்கு வந்த அன்றே மகள் பட்டத்து வாரிசானார்.

அதன் பின்னர் 33 ஆண்டுகள் காத்திருப்பு. இந்தக் காத்திருப்பு இனிமையானதாக இல்லை. கணவரை இழந்திருந்த தாய் 1871இல் மார்க்க அறிஞர் சித்தீக் ஹஸன் கானை மறுமணம் செய்தார். அந்த வீட்டில் மனக்கசப்பு வளர்ந்தது. ஒரே நகரில் வாழ்ந்தும் தாயும் மகளும் பல ஆண்டுகள் முகம் பார்க்காமல் இருந்தார்கள். இதற்கிடையில் சுல்தான் ஜஹான் தம் இரு மகள்களையும் இளவயதிலேயே பறிகொடுத்தார். தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது இந்தக் காலத்தின் வேதனையை அவர் மறைக்கவில்லை. சித்தீக் ஹஸன் கானின் நூல்களை மதிப்பவர்கள் அந்தக் கதையை வேறு விதமாகச் சொல்வார்கள். குடும்பப் பிணக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. ஆனால் பட்டத்து வாரிசாக இருந்தும் ஆட்சியின் எந்த ஆலோசனையிலும் இடமில்லாமல் ஒதுக்கி வைக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை சுல்தான் ஜஹான் 43 வயது வரை நன்றாகவே அறிந்திருந்தார்.

1901 ஜூன் மாதம் தாய் மறைந்தார். சுல்தான் ஜஹான் ஆட்சிக்கு வந்தார். அடுத்த ஜனவரியில் கணவர் அஹ்மத் அலி கானும் இறந்துவிட்டார். துணையாக இருப்பார் என்று நம்பிய ஒரே மனிதரும் போய்விட்ட நிலையில், பஞ்சத்தால் நொடிந்த ஒரு நாடு கைக்கு வந்தது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் போபாலின் மக்கள் 6,65,961 பேர். பத்தாண்டுகளில் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்திருந்தது. பேகம் கிராமம் கிராமமாகச் சுற்றுப்பயணம் போனார். நிலவரிக் கணக்குகளைத் தாமே பார்த்தார். அமைச்சர்கள் கொண்டுவரும் கோப்புகளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்ற பழக்கத்தைக் கடைசி வரை விடவில்லை.

பேசப் பழகிய இடம்

1903இல் போபாலில் பெண்களுக்காக சுல்தானியா பள்ளியைத் தொடங்கினார். அதே ஆண்டின் இறுதியில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, அந்தப் பயணத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். திரும்பி வந்த பிறகு செவிலியர் பயிற்சி, மருத்துவமனை, யுனானி வைத்தியம் என்று பல வேலைகள். 1918இல் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கினார். அல்லாமா ஷிப்லி நுஃமானி நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாற்றைப் பெரிய அளவில் எழுதத் திட்டமிட்டபோது செலவுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பியவரும் இவரே. ஷிப்லி 1914இல் மறைந்த பின் மாணவர் சுலைமான் நத்வி அந்தப் பணியைத் தொடர்ந்தார். நம் ஆலிம்கள் இன்றும் எடுத்துப் பார்க்கும் நூல் அது.

இவற்றுக்கு நடுவே 1909இல் அவர் தொடங்கிய பெண்கள் மன்றம் ஒன்றுண்டு. வேல்ஸ் இளவரசியின் பெயரைத் தாங்கியது. வெளிப்பார்வைக்கு அது பெரிய வீட்டுப் பெண்கள் கூடித் தேநீர் அருந்தும் இடம்தான். முஸ்லிம் பெண்களோடு ஹிந்துப் பெண்களும் வந்தார்கள். ஆனால் பேகம் அங்கே ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். வருபவர்கள் ஏதேனும் ஒரு பொருள் பற்றிக் கட்டுரை எழுதி வந்து கூட்டத்தின் முன் வாசிக்க வேண்டும். குழந்தை வளர்ப்பு, சுகாதாரம், வீட்டுச் செலவுக் கணக்கு என்று எதுவாகவும் இருக்கலாம். தலைமை தாங்குவது, முறைப்படி ஒருவர் பின் ஒருவராகப் பேசுவது, தீர்மானம் முன்மொழிவது, வரவு செலவை எழுதி வைப்பது ஆகிய எல்லாவற்றையும் பெண்களே செய்தார்கள்.

சாதாரண விஷயம் போலத் தோன்றும். நம் கருத்தில் அவர் செய்தவற்றில் மிக முக்கியமானது இதுதான். நிர்வாகக் குழுவில் ஒருவருக்கு இடம் கொடுத்துவிட்டால் மட்டும் அவர் பேசிவிடுவார் என்று சொல்ல முடியாது. எத்தனையோ இடங்களில் சட்டம் சொல்கிறதே என்று பெயரைச் சேர்த்துவிட்டு, கூட்டப் பதிவேட்டில் கையெழுத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்பி வாங்குகிறார்கள். ஆண்களுக்குச் சிறு வயதிலிருந்தே ஜமாஅத் கூட்டமும் சங்கத் தேர்தலும் பழக்கமாகிவிடுகின்றன. பெண்களுக்கு அந்தப் பழக்கம் எங்கே கிடைக்கும்? போபால் மன்றம் அந்தப் பயிற்சியைக் கொடுத்தது.

அடுத்த படி அலிகரில். அங்கே ஷேக் அப்துல்லாஹ் என்ற வழக்கறிஞரும் (காஷ்மீர்த் தலைவர் அல்ல, இவர் வேறு) அவர் மனைவி வஹீத் ஜஹான் பேகமும் 1906இல் பெண்களுக்கு ஒரு சிறு பள்ளியைத் தொடங்கியிருந்தார்கள். வெளியூர்ப் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி வேண்டும் என்றபோது எதிர்ப்பு கிளம்பியது. ஆண்கள் கல்லூரி இருக்கும் ஊரில் பெண்கள் விடுதியா என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. எதிர்த்தவர்களில் கல்லூரியின் அறங்காவலர்களும் இருந்தார்கள். போபால் பேகம் தொடக்கத்திலிருந்தே பள்ளிக்கு நிதியுதவி செய்து வந்தார். 1914இல் அவரே நேரில் வந்து விடுதியைத் திறந்து வைத்தார். ஒரு நாட்டின் ஆட்சியாளர் வந்து திறந்த விடுதியைப் பிறகு யாரும் அவ்வளவு எளிதாகக் குறை சொல்ல முடியவில்லை.

அதே பயணத்தின்போது அகில இந்திய முஸ்லிம் பெண்கள் மாநாடு என்ற அமைப்பும் உருவானது. பேகமே தலைவர். பல மாகாணங்களிலிருந்து வந்த பெண்கள் ஆண்டுதோறும் கூடினார்கள். 1918இல் லாகூர் கூட்டத்தில் பலதார மணத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டபோது உருதுப் பத்திரிகைகளில் பெரும் புயல் வீசியது. அந்தத் தீர்மானத்தை ஏற்காதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருப்பார்கள். ஆனால் முஸ்லிம் பெண்கள் தங்களுக்குள் கூடிப் பேசி முடிவெடுத்தால், ஆண்கள் எதிர்பார்த்த முடிவாகவே அது இருக்கும் என்ற நினைப்பு அன்றோடு போயிற்று.

அறங்காவலர்களின் கல்லூரி

பேகம் எந்த இருக்கைக்கு வந்தார் என்பது விளங்க, அலிகர் கல்லூரியின் நிர்வாகம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். 1875இல் பள்ளியாகத் தொடங்கி, 1877இல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்ட அந்த நிறுவனத்தில் சர் சையதின் சொல்லே முடிவு. அவரது தியாகத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 1889இல் அறங்காவலர் குழுவுக்கான விதிகளை வகுத்தபோது, தம் மகன் சையது மஹ்மூதை இணைச் செயலாளராக்கி, தமக்குப் பின் அவரே செயலாளர் என்று விதியில் வைத்தார். தொடக்கம் முதல் உடன் உழைத்த மௌலவி சமீவுல்லாஹ் கான் இதை எதிர்த்தார். குழு பிளந்தது. சமீவுல்லாஹ்வும் அவரோடு நின்றவர்களும் வெளியேறினார்கள். 1895இல் கல்லூரிக் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கையாடல் நடந்திருப்பது தெரியவந்தது. பல ஆண்டுகளாகத் தலைமை எழுத்தர் செய்த மோசடி அது. அறங்காவலர்கள் பலர் இருந்தும் கணக்கைக் கேட்கும் வழக்கம் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. அந்த அதிர்ச்சியிலிருந்து சர் சையது மீளவே இல்லை. 1898 மார்ச்சில் மறைந்தார்.

நம் சமுதாய நிறுவனங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. ஒருவர் உழைத்துக் கட்டிய நிறுவனம் என்பதற்காக அவர் மகனிடம் போவதும், பெரியவர்களைக் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பதும் நாம் அறியாத நோய்கள் அல்ல.

கல்லூரியைப் பல்கலைக்கழகமாக்கும் முயற்சி 1910ஐ ஒட்டி வேகம் பெற்றது. முப்பது லட்சம் ரூபாய் திரட்டிக் காட்ட வேண்டும் என்றது அரசு. ஆகா கான் ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டினார். போபால் பேகம் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். பணம் சேர்ந்தது. ஆனால் பேச்சுவார்த்தை நின்றது. பல்கலைக்கழகத்தின் மீது அரசுக்கு எவ்வளவு அதிகாரம், பிற ஊர்களில் உள்ள முஸ்லிம் கல்லூரிகளை அதனோடு இணைக்கலாமா என்ற இரண்டு கேள்விகளில் சமுதாயமும் அரசும் ஆண்டுக் கணக்கில் இழுபறி செய்தன. இணைக்க முடியாது என்பதில் அரசு கடைசி வரை நின்றது. ஒருவழியாக 1920இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி கோர்ட் என்ற பேரவையே பல்கலைக்கழகத்தின் உச்ச நிர்வாக அமைப்பு. முஸ்லிம்கள் மட்டுமே அதில் உறுப்பினராகலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். (1951 திருத்தத்தில் அந்த விதி நீங்கியது.) 1920 டிசம்பர் 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மஹ்மூதாபாத் ராஜா துணைவேந்தர். ஆகா கான் இணைவேந்தர். சுல்தான் ஜஹான் பேகம் வேந்தர்.

ஏன் அவர்? ஆட்சியாளர், பெரும் கொடையாளி, ஆங்கில அரசின் நம்பிக்கைக்கு உரியவர் என்பவையெல்லாம் காரணங்கள்தான். மறைக்க வேண்டியதில்லை. ஒரு சாதாரணக் குடும்பத்துப் பெண்ணாக இருந்தால் எவ்வளவு கற்றிருந்தாலும் அந்த இருக்கை கிடைத்திருக்காது. ஆனால் கொடையாளிகளான நவாபுகள் வேறு பலரும் இருந்தார்கள். பெண் கல்விக்காகப் பத்தாண்டுகளுக்கு மேல் பாடுபட்ட ஒருவரை, ஆண்கள் மட்டுமே படிக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைமையில் வைக்க அன்றைய அலிகர் தயங்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நேரமோ மிகக் கடினமான நேரம். கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் உச்சத்தில் இருந்தன. 1920 அக்டோபரில் காந்தியும் அலி சகோதரர்களும் அலிகருக்கு வந்து, அரசு மானியத்தை உதறுங்கள் என்றார்கள். அறங்காவலர்கள் மறுத்தார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் வெளியேற, அக்டோபர் 29ஆம் தேதி அதே ஊரில் ஜாமிஆ மில்லியா பிறந்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின் அது டெல்லிக்குப் போனது. பேகம் அரசோடு ஒத்துப்போகும் பக்கத்திலேயே நின்றார். விடுதலை இயக்கத்தை மதிக்கும் நமக்கு இது நெருடலாகவே இருக்கிறது. ஆங்கிலேயரின் தயவில் நிலைத்த ஒரு சமஸ்தானத்தின் ஆட்சியாளரிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும் என்ற பதிலும் உண்டு.

விசாரணைக் குழு

வேந்தர் பதவி பெரும்பாலும் அலங்காரப் பதவி. பட்டமளிப்பு விழாவுக்கு வருவது, கையெழுத்திடுவது, போட்டோ எடுத்துக்கொள்வது என்று முடிந்துவிடும். பேகமும் பர்தாவுடனே ஆண்கள் நிறைந்த அவைகளுக்கு வந்து உரையாற்றியிருக்கிறார். அத்தோடு அவர் நிற்கவில்லை என்பதற்கு 1927இல் நடந்தது சாட்சி.

பல்கலைக்கழகம் தொடங்கி ஆறேழு ஆண்டுகளில் குறைகள் குவிந்தன. தகுதி பார்க்காமல் சேர்க்கை, வேண்டியவர்களுக்கு வேலை, தேர்வுகளின் தரத்தில் சந்தேகம் என்று பலரும் பேசினார்கள். நடைமுறை அதிகாரம் முழுவதும் இணைத் துணைவேந்தர் சர் ஜியாவுத்தீன் அஹ்மதிடம் இருந்தது. அவர் கேம்பிரிட்ஜில் படித்த கணித மேதை, அலிகருக்காகவே வாழ்ந்தவர். மாணவர்களிடம் பெரும் செல்வாக்கு. அவரைக் கேள்வி கேட்கப் பேரவையில் பலரும் துணியவில்லை. துணைவேந்தராக இருந்து விலகிய சாஹிப்ஸாதா ஆஃப்தாப் அஹ்மத் கான் குறைகளை எழுதி வெளியிட்டார். இரு அணிகளாகப் பிரிந்து சண்டை முற்றியது.

அப்போது வேந்தர் என்ற முறையில் பேகம் விசாரணைக் குழு அமைத்தார். உள்ளூர் அணிகள் எதிலும் சேராத பம்பாய்த் தலைவர் சர் இப்ராஹீம் ரஹ்மதுல்லாஹ் குழுவின் தலைவர். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த சர் பிலிப் ஹார்டாக் உறுப்பினர்களில் ஒருவர். குழு வந்து பார்த்தது, கணக்குகளையும் பதிவேடுகளையும் ஆராய்ந்தது, கடுமையான அறிக்கை கொடுத்தது. அதிகாரம் ஒரே கையில் குவிந்திருப்பதே பல குறைகளுக்குக் காரணம் என்பது அதன் சாரம். 1928இல் ஜியாவுத்தீன் பதவி விலகினார். அடுத்த ஆண்டு சர் சையதின் பேரன் சர் ராஸ் மசூத் துணைவேந்தரானார்.

ஜியாவுத்தீனுக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று கருதுவோர் அலிகரில் அன்றும் உண்டு. பிற்காலத்தில் அவரே துணைவேந்தராகத் திரும்பி வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாம் கவனிப்பது வேறு. பெரியவர்களைக் கணக்குக் கேட்காததால் 1895இல் தலைகுனிந்த ஒரு நிறுவனத்தில், வெளியாரை வரவழைத்துக் கேள்வி கேட்க வைத்தவர் ஒரு பெண். அப்போது அவருக்கு 69 வயது. அமைதியாக இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் நல்லவராகவே இருந்து போயிருக்கலாம்.

ஹுதைபிய்யாவில் தோழர்கள் எல்லோரும் மனம் உடைந்து அசையாமல் இருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் கேட்டு நடந்தது அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஆலோசனையை என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வரலாறு. மஷூரா என்பது ஆண்களுக்கு மட்டும் உரியது என்று அந்த வரலாற்றைக் கற்ற யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் நம் நாட்டில் வக்ஃப் வாரியத்தில் குறைந்தது இரண்டு பெண் உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்று 2013இல் சட்டம் திருத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.  விதவை உதவித்தொகை, தலாக் பஞ்சாயத்து, பெண்கள் மத்ரஸாவின் கழிப்பறை வசதி வரை பெண்களைத் தொடும் எத்தனையோ விஷயங்களை முடிவு செய்யும் மஹல்லா அளவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

கடைசி ஆண்டுகள்

பேகத்தின் இறுதிக் காலம் சோகமும் பிடிவாதமும் கலந்தது. 1924இல் மூத்த மகன்கள் நஸ்ருல்லாஹ் கான், உபைதுல்லாஹ் கான் இருவரும் சில மாத இடைவெளியில் இறந்தார்கள். எஞ்சியவர் கடைசி மகன் ஹமீதுல்லாஹ், அலிகர் பட்டதாரி, தாயின் ஆட்சிக்கு வலது கை. மூத்த மகனின் வாரிசுக்கே பட்டம் என்று ஒரு தரப்பு வாதாடியது. மகன் உயிரோடிருக்கப் பேரனுக்கு உரிமை செல்லாது என்பது பேகத்தின் வாதம். 1925இல் லண்டனுக்கே போய் வாதாடி வென்றார். 1926இல் தாமாகவே ஆட்சியைத் துறந்து மகனிடம் ஒப்படைத்தார். நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்த பேகம்களின் ஆட்சி அத்துடன் முடிந்தது. பெண்களின் வரிசையில் வந்தவர் அதை ஒரு மகனுக்காகவே முடித்து வைத்தார் என்பது அவர் வாழ்க்கையின் விசித்திரங்களில் ஒன்று.

அவர் எல்லாவற்றிலும் இன்றைய நம் சிந்தனையோடு ஒத்துப்போனவர் என்று சொல்ல முடியாது. பர்தாவின் அவசியம் பற்றித் தனி நூலே எழுதியவர். பெண்களுக்கான பாடத்திட்டம் ஆண்களுடையதைப் போலவே இருக்க வேண்டியதில்லை என்றும் எழுதினார். அதே பேகம்தான் 1928 பிப்ரவரியில் டெல்லியில் கூடிய அகில இந்தியப் பெண்கள் மாநாட்டின் இரண்டாம் அமர்வுக்குத் தலைமை ஏற்றார். சென்னை அடையாற்றில் வாழ்ந்த மார்கரெட் கசின்ஸ் அம்மையாரின் முயற்சியால் முந்தைய ஆண்டு புனேயில் தொடங்கிய அமைப்பு அது. பல சமயத்துப் பெண்கள் கூடிய அந்த அவையில், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சட்டத்துக்கு ஆதரவு திரண்டது.

1930 மே 12ஆம் தேதி சுல்தான் ஜஹான் பேகம் வஃபாத்தானார். அந்த நாள் வரை அலிகரின் வேந்தராகவே இருந்தார். அவருக்குப் பின் அந்த இருக்கைக்கு வந்தவர் மகன் ஹமீதுல்லாஹ் கான். அதன் பிறகு நிஜாம், ராம்பூர் நவாப், தாவூதி போராக்களின் தலைவர் என்று பலர் வந்தார்கள். இன்று வரை இன்னொரு பெண் வேந்தராகவில்லை. தாயார் தொடங்கி வைத்து, இவர் தொடர்ந்து, பணமில்லாமல் நின்றுபோன போபாலின் தாஜுல் மஸாஜித் பள்ளிவாசல் வேலை 1971இல் மறுபடியும் தொடங்கி 1985இல் நிறைவுற்றது.

அலிகரின் பெண்கள் பள்ளி வளர்ந்து 1937இல் பட்டப்படிப்பு வரை வந்தது. பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியான மகளிர் கல்லூரி அது. 2024 ஏப்ரலில் பேராசிரியை நைமா காத்தூன் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நியமிக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அதற்கு முன் அவர் இருந்த பொறுப்பு, 1914இல் பேகம் வந்து விடுதி திறந்து வைத்த அந்தப் பள்ளியிலிருந்து வளர்ந்த மகளிர் கல்லூரியின் முதல்வர்.